ஸ்மித் ராக் ஃபைவ் கேலன் பக்கெட்ஸ் (5.8): ஜிம் ஆளுங்க முதல் லீடுக்கு போலாமா?

பாறையேற்றத்துல 5.8ங்கறது ரூட்டோட கஷ்டத்தைச் சொல்ற நம்பர், ஏற ஏற கஷ்டம். லீடுன்னா பாறைல அடிச்ச போல்ட்டுல (இரும்பு ஆணி) கயித்தை ஒவ்வொண்ணா நாமளே மாட்டிக்கிட்டே, அதாவது க்ளிப் பண்ணிக்கிட்டே ஏறறது. க்ளைம்பிங் ஜிம்ல மட்டும் ஏறிப் பழகினவங்க முதல் லீடுக்கு இந்த ரூட்டுக்கு தாராளமா போலாம். ஆனா வீக்கெண்டு மட்டும் வேண்டாம், அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இடம் ஓரிகன்ல டெர்ரபோன் ஊர் பக்கத்துல, க்ரூக்கட் ரிவர் அறுத்துட்டுப் போன பள்ளத்தாக்கு. போர்ட்லேண்ட்ல இருந்து கார்ல ஒரு மூணு மணி நேரம். பார்க்கிங்ல இருந்து செங்குத்தா கீழ இறங்கி, பாலத்தைத் தாண்டி இடது பக்கம் ஆத்தோரமா நடந்தா மார்னிங் க்ளோரி வால் வந்துரும். இறங்கறப்போ ஜாலியாத்தான் இருக்கும், சாயங்காலம் கயிறும் பையுமா திரும்ப மேல ஏறும்போது தான் சங்கதி தெரியும்.

சரி ரூட்டுக்கு வருவோம். பாறை எரிமலை சாம்பல் இறுகினது, வெல்டட் டஃப்னு சொல்வாங்க, 3 கோடி வருஷத்துக்குக் கிட்டத்தட்ட பழசு. அதுல இந்த ரூட் முழுக்க பாக்கெட் தான், அதாவது பாறைல இருக்கற குழிங்க, சிலது உரல் குழி சைஸ், கைய விட்டா மணிக்கட்டு தாண்டி உள்ள போகும். அதனால ஏணி மாதிரி ஏறிடலாம்னு நெட்ல நிறைய பேர் எழுதறாங்க, அது முக்கால்வாசி தான் உண்மை. மேல் பாதி நிஜமாவே சுகம். கீழ ஆரம்பம் தான் பேஜாரு, வருஷக்கணக்கா ஆளுங்க ஏறி ஏறி அந்த கால் வைக்கற முதல் சில ஃபுட்ஹோல்டெல்லாம் வழவழன்னு மின்னுது, ஷூவை அழுத்தி வைக்கலன்னா வழுக்கும், நெஜ க்ரக்ஸ், அதாவது ரூட்லயே கஷ்டமான எடம், அங்கதான்னு நான் சொல்வேன். ஸ்டிக் க்ளிப்னு ஒரு நீளக் குச்சி இருக்கு, அதை வச்சு கீழ நின்னே முதல் போல்ட்டுல கயித்தை மாட்டிட்டு ஏறுங்க, இந்த ஊர்ல அதை யாரும் கேவலமா பாக்க மாட்டாங்க.

ஜிம் ஆளுங்களுக்கு இன்னொரு விஷயம். பாக்கெட்டுக்குள்ள எங்க புடிக்கணும்னு கலர் டேப் ஒட்டி வைக்கல, விரலால தடவித் தடவி நல்ல விளிம்பை கண்டுபிடிக்கணும், கைல பூசிக்கற சாக் பவுடர் குவிஞ்சு கெடக்கற எடம் தான் பெஸ்ட்டுன்னும் இல்ல, எல்லாரும் புடிச்சதால அங்கதான் வழுக்கும். அப்புறம் இப்ப கையால புடிச்ச குழி தான் அடுத்து காலுக்கு வரப்போகுது, ஆனா மேல போயிட்டு குனிஞ்சு பாத்தா விளிம்பு மறைச்சிரும், ஒண்ணும் தெரியாது. ஏறும்போதே மனசுல குறிச்சு வச்சுக்கணும்.

ஸ்மித்னாலே போல்ட் தூரம் தூரமா இருக்கும்னு ஒரு பயம் உண்டு, அமெரிக்கால ஸ்போர்ட் க்ளைம்பிங் (முன்னாடியே அடிச்சு வச்ச போல்ட்டை நம்பி ஏறறது) பொறந்ததே இங்கதான்னு சொல்வாங்க, 80கள்ல ஆலன் வாட்ஸ்ங்கற க்ளைம்பரும் அவரோட ஆளுங்களும் போல்ட் அடிச்ச காலத்து பழக்கம் அது. 1986ல நாட்டோட முதல் 5.14 ஏறினதும் இங்கதான், ட்ரிபூன்னு ஒரு ஃப்ரெஞ்சுக்காரர். ஆனா இந்த 5.8ல அந்த பயம் வேணாம், க்ளிப் பண்ற எடத்துல எல்லாம் நல்ல கைப்பிடி இருக்கு, நின்னு நிதானமா மூச்சு விட்டுட்டே க்ளிப் பண்ணலாம்.

இப்போ கூட்டம். சனி ஞாயிறுன்னா ஏதாவது பெரிய குரூப் வந்து டாப் ரோப் (மேலயே கயித்தை மாட்டி தொங்க விட்டு ஏறறது) போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் எறக்கவே மாட்டாங்க, வரிசைல பத்து பேர், நாய் வேற. டாப் ரோப் போடறதுன்னா ரூட் உச்சில இருக்கற ஆங்கர்ல சொந்த குவிக்டிரா (கயிறு மாட்டற ரெண்டு கொக்கி வச்ச பட்டை) போட்டு போடுங்கப்பா, கடைசி ஆள் மட்டும் அங்க நிரந்தரமா இருக்கற ஃபிக்ஸ்டு ரிங் வழியா எறங்கினா போதும், இல்லன்னா இரும்பு தேயும். சீசன் வசந்தமும் இலையுதிர் காலமும் தான், ஜூலை ஆகஸ்ட்ல போனா பாறையே சுடும்.

ஹெல்மெட் பிலே பண்றவருக்கும் (கீழ நின்னு கயித்தைப் புடிக்கறவர்) கண்டிப்பா வேணும், டஃப்ல சின்னச் சின்ன துருத்தல் எல்லாம் சொல்லாம கொள்ளாம பேத்துக்கிட்டு வரும். 60 மீட்டர் கயிறு தாராளம், ஆனா முனையில முடிச்சு போட மறக்காதீங்க.

5க்கு 4. ஒரு மார்க் அந்த வழுக்கலுக்கும் வரிசைக்கும்.