மின்னல் விழும் கரையோரத்துக்கு எந்த 485 ஐசி?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு தங்குவிடுதிக்கு நீர்த்தொட்டி மட்டம், கிணற்று மோட்டார், அறைகளின் மின்மானி எல்லாவற்றையும் ஒரே சோடி வயரில் கோத்து வரவேற்பறைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்தேன். மின்மானிகள் மொட்பஸ் என்ற கருவி மொழியைப் பேசுபவை. அந்த மொழியை ஒரு சோடி வயரில் தூரம் கொண்டுசெல்லும் ஆர்எஸ்-485 இணைப்பு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. தொட்டிக்கும் மோட்டாருக்கும் உரிய கணுக்களை (வயரில் தொடுக்கும் கருவிகளை) ஆர்டுயினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் நானே கட்டினேன். அவற்றில் வயருக்குச் செய்தி அனுப்பவும் வாங்கவும் எந்த 485 ஐசியை (டிரான்சீவரை) போடுவது என்பதுதான் கேள்வி. பார்த்தவை நான்கு: மேக்ஸ்485 பொருத்திய மலிவு மொடியூல், பழைய எஸ்என்75176, 3.3 வோல்ட்டில் ஓடும் எஸ்பி3485, பிறகு எஸ்என்65எச்விடி3082ஈ. கடைசியாகச் சொன்னதைத்தான் போட்டேன். இனி அதை 3082 என்றே சொல்கிறேன்.

வேகத்தையும் தூரத்தையும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. 9600 பிட் வேகத்துக்கு நான்குமே தாராளம். வழக்கமாகச் சொல்லப்படும் 1200 மீட்டர் எல்லையை ஒரு விடுதி வளவு எட்டவே எட்டாது.

மொடியூலின் கவர்ச்சி விலைதான். அசல் மேக்ஸ்485 ஐசி ஒன்றின் விலையைவிட முழு மொடியூலும் மலிவாகக் கிடைக்கிறது என்றால், உள்ளே இருப்பது அசல்தானா என்ற சந்தேகம் நியாயமானது. அதைவிடப் பெரிய தொல்லை, பெரும்பாலான பலகைகளில் ஆர்7 என்ற இடத்தில் இருக்கும் 120 ஓம் தடையி. எதிரொலியைத் தடுக்க அது வயரின் இரு முனைகளில் மட்டும் இருக்க வேண்டியது. பத்து மொடியூல்களை அப்படியே தொடுத்தால் சமாந்தரமாக 12 ஓம் ஆகிவிடும். 485 ஐசிகள் 54 ஓம் சுமையை நினைத்துச் செய்யப்பட்டவை. நடுவில் உள்ளவற்றில் ஆர்7ஐக் கழற்றினால் மொடியூல் ஒழுங்காக வேலை செய்யும். மேசைமேல் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியானது இல்லை.

75176 பழைய உழைப்பாளி. ஆனால் சும்மா இருக்கும்போதே பல பத்து மில்லி அம்பியர் குடிக்கிறது. மின்சாரத்தையும் அதே கேட்-5 கேபிளில் அனுப்பினால் கடைசித் தொட்டியில் 5 வோல்ட் மிஞ்சாது. எஸ்பி3485, இஎஸ்பி32 என்ற 3.3 வோல்ட் பலகை வைத்திருப்பவர்களுக்கு உகந்தது. நானோவோ 5 வோல்ட் கருவி. நான் அதை மேசையில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், வெளியில் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று சாட்சி சொல்ல மாட்டேன்.

3082இல் பிடித்தவை சில. ஒரு கணு வழமையான சுமையில் எட்டில் ஒரு பங்கையே வயரில் ஏற்றுவதால், கணக்குப்படி 32க்குப் பதிலாக 256 கருவிகள் வரை தொடுக்கலாம். விளிம்புகளை வேண்டுமென்றே மெதுவாக்கி 200 கிலோபிட்டோடு நிறுத்திக்கொள்கிறது. இதனால் தொட்டிப் பக்கம் இழுத்த கிளை வயர்களில் எதிரொலி குறைகிறது. யாரும் பேசாத நேரத்தில் பழைய ஐசிகள் சிலவேளை வெறும் வயரிலிருந்து குப்பை எழுத்துகளைப் படிக்கும். இது அமைதியை அமைதியாகவே எடுத்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது பராமரிப்பு. திருகோணமலையில் ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமழை வரும். ஏப்ரல் என்றால் கரையோர விடுதிகளில் ஆட்கள் வரத் தொடங்கும் காலமும் அதுதான். 3082இன் தரவுத்தாள் சொல்லும் 15 கிலோவோல்ட் பாதுகாப்பு, விரலிலிருந்து பாயும் நிலைமின்னுக்கானது. பக்கத்துத் தென்னையில் விழுந்த மின்னலின் சக்தி வேறு கணக்கு. ஆகவே எந்த ஐசியும் ஒருநாள் சாகும் என்று வைத்துக்கொண்டுதான் தெரிவு செய்ய வேண்டும்.

செத்த ஐசி தன்னோடு நிற்பதில்லை. ஏ, பி என்ற அந்தச் சோடி வயர்களை உள்ளுக்குள் குறுக்கிவிட்டால் முழு வரிசையும் ஊமையாகும். எந்தக் கணு குற்றவாளி என்று கணினித் திரை சொல்லாது. இங்கேதான் 3082இன் எட்டுக் கால் டிப் வடிவம் கைகொடுக்கிறது. அதைச் சொக்கெட்டில் செருகியிருக்கிறேன். மின்சாரத்தை நிறுத்தி ஏ, பி இடையே மீற்றர் வைத்தால் நல்ல வரிசை 60 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டும். 120ஐ நெருங்கினால் ஒரு முனைத் தடையி போய்விட்டது. இரண்டு, மூன்று ஓம் என்றால் ஒவ்வொரு கணுவாக ஐசியைப் பிடுங்கி, எண் எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் போதும். விடுதியின் மின் வேலைக்காரத் தம்பியே இதைச் செய்துவிடுவார், சூட்டுக்கோல் தேவையில்லை.

கால்களின் ஒழுங்கு 75176, மேக்ஸ்485, 3082 மூன்றுக்கும் ஒன்றே. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து புதிய 3082 வந்து சேரும்வரை ஒரு பழைய பலகையில் கிடக்கும் 75176ஐச் செருகி ஓட்டலாம். அப்போது சும்மா இருக்கும் வயரில் குப்பை எழுத்து வராமலிருக்கவே கணினிப் பக்கத்தில் 560 ஓம் தடையி இரண்டை, ஏயை 5 வோல்ட்டுக்கும் பியை நிலத்துக்கும் இழுக்கும்படி போட்டு வைத்தேன். 3082க்கு அது அவசியமில்லை, பழையவற்றுக்கு அவசியம்.

சொக்கெட்டுக்கு உப்புக்காற்று பகை என்பதை மறைக்க முடியாது. தட்டையான தகடு வைத்த மலிவுச் சொக்கெட் கடற்கரையில் பச்சை பிடிக்கும். வட்டத் துளை உள்ள, கடைந்த ஊசி வகையை வாங்குங்கள். கூடவே ஒவ்வொரு கணுவிலும் மிகை வோல்ட்டைத் தடுக்கும் ஓர் எஸ்எம்712 டயோடு. −7, +12 வோல்ட் எல்லைகளுக்கு ஏற்றபடி 485க்கென்றே வந்தது அது. அதுவும் குறுகிச் சாகக்கூடியது என்பதால், வயர் வந்து சேரும் கழற்றக்கூடிய சிறு பலகையிலேயே வைத்தேன்.

கிணற்றடி மட்டும் வேறு. அதன் நிலத் தொடுப்பு கட்டடத்தினுடையதிலிருந்து தள்ளி இருப்பதால், வயர் பக்கத்தையும் நானோ பக்கத்தையும் உள்ளுக்குள் மின்னால் பிரித்துத் தனிமைப்படுத்திய ஐஎஸ்ஓ3082ஐப் போட்டேன். அது 16 கால், மேற்பரப்பில் ஒட்டும் வகை, சொக்கெட்டில் வராது. இரு பக்கத்துக்கும் தனித்தனி மின்வழங்கி வேண்டும், ஒரு கணுவின் செலவு பல மடங்காகும். அது இன்னும் முழு மழைக்காலம் ஒன்றைக் காணாததால் மற்றக் கணுக்களுக்கு இப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை.