மூன்று வருடமாக ஆய்வகத்தில் விஆர்: எல்லாம் சரி, அந்த ஆவிதான்

ரிப்பேருக்குப் போன எங்கள் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் ஆறு வாரம் கழித்துப் போன வியாழக்கிழமைதான் திரும்பி வந்தது. அன்றைக்கே ஜூனியர் பெண் ஒருத்தி, "அக்கா, விலை இறங்கிடுச்சாம், ஆனர்ஸ் புராஜெக்ட்டுக்கு விஆர் எடுக்கலாமா?" என்று மெசேஜ் போட்டிருந்தாள். வாய்ஸ் நோட்டில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாலு நிமிடம் ஆகியும் லென்ஸில் படிகிற ஆவி கதையே முடியவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன். ரெசல்யூஷன், எடை எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. கம்பெனி பெயரும் வேண்டாம்.

எங்கள் ஆய்வு உயரப் பயம் பற்றியது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய பள்ளத்தின் மேல் பலகையில் நடக்க வேண்டும், நாங்கள் இதயத் துடிப்பைப் பதிவுசெய்வோம். ஆனால் நடக்க வருகிற ஆள் எங்கிருந்து வருகிறார்? பஸ் ஸ்டாப்பிலிருந்து, மதியம் ஒரு மணி வெயிலில், மேடேறி. எங்கள் அறையிலோ ஏர்கான் கல்லைக்கூடக் குளிர வைத்துவிடும், குறைக்க நமக்கு அதிகாரம் கிடையாது. லென்ஸ் ஜில்லென்று இருக்கும், முகம் கொதிக்கும், ஃபோம் சுற்றிலும் அடைத்துக்கொள்ளும். உள்ளே மாட்டிய வியர்வை ஈரம் வேறெங்கே போகும்? இரண்டாவது நிமிடமே "மிஸ், எல்லாம் வெள்ளையா தெரியுது" என்பார்கள். கழற்று, துடை, மாட்டு. விஆர் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009-இல் விஆர் அனுபவத்தை இரண்டாகப் பிரித்தார்: அந்த இடத்தில்தான் இருக்கிறோம் என்ற மயக்கம் ஒன்று, அங்கே நடப்பது உண்மைதான் என்ற மயக்கம் இன்னொன்று. ஒரு டிஷ்யூ பேப்பர் இரண்டையும் ஒரே இழுப்பில் துடைத்துவிடுகிறது.

அதுகூடப் பரவாயில்லை. என்னைக் கடுப்பேற்றியது கேள்வித்தாள். தலைசுற்றல், குமட்டலை அளக்க எல்லாரும் எடுப்பது கென்னடி குழு 1993-இல் வெளியிட்ட பட்டியலைத்தான், விமான ஓட்டிகள் பயிற்சி எடுக்கும் சிமுலேட்டர்களுக்காகச் செய்தது. 16 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. அதில் ஒன்று வியர்வை. இன்னொன்று மங்கலான பார்வை. வியர்வை பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்தது, மங்கல் லென்ஸில் படிந்த ஆவி, ஆனால் காகிதத்தில் இரண்டும் என் பள்ளத்தின் குற்றம்! இதில் கொடுமை என்னவென்றால், மங்கலான பார்வை கண் சம்பந்தப்பட்ட பிரிவிலும் கணக்கு, திசை தடுமாறும் பிரிவிலும் கணக்கு. ஏர்கான் செய்த வேலையை நாங்கள் இரண்டு தடவை எண்ணிக்கொண்டிருந்தோம்.

முதல் 11 பேரின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு எங்கள் பேராசிரியர், காட்சி அசைவது அதிகம், குறை என்றார். குறைத்தேன், இரண்டு வாரம் போனது, ஒன்றும் மாறவில்லை. அப்புறம் வெயிலில் வராமல், கீழ்த்தளத்தில் வகுப்பு முடித்து நேரே மேலே வந்த இரண்டு பையன்களுக்கு மட்டும் மதிப்பெண் தரையில் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது.

இப்போது செய்வது இதுதான்: இரண்டு லென்ஸுக்கும் நடுவில் ஒரு குட்டி சென்சார் இருக்கிறதே, யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது, அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டால் திரை அணையாது. கால் மணி நேரம் அப்படியே விட்டால் லென்ஸ் வெதுவெதுப்பாகிவிடும். வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கேள்வித்தாளை முன்னாலும் ஒரு தடவை நிரப்பச் சொல்கிறோம். ஆவி இப்போது எப்போதாவதுதான். ஆனால் 40 நிமிடத்தில் முடிந்த வேலை ஒரு மணி நேரமாகி, ஆளுக்கு 10 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்த இடத்தில் 15 வெள்ளி போகிறது.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மீஹன் குழு இதே மாதிரி பள்ளத்தை வைத்துச் சோதித்தபோது, தரையில் நிஜமாகவே ஒன்றரை அங்குல மர விளிம்பு ஒன்றை வைத்தார்கள். பாதம் அந்த விளிம்பைத் தொட்டதும் இதயத் துடிப்பு இன்னும் ஏறியது. நானும் ஒரு பலகை வாங்கிப் போட்டேன். ஹெட்செட்டை விட நூறு பங்கு மலிவு, ஆனால் பாதி மாயம் அதில்தான் இருக்கிறது. தேக்கா பக்கம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் 14-ஆவது மாடியில் இருக்கும் ஒரு அம்மா வந்தார், தினமும் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போடுகிறவர். கார்ப்பெட்டில் கிடந்த பலகையின் ஓரத்தைக் கால் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கையை விட்டுடாதம்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார் பாருங்கள், சாயங்காலம் வரை தடம் இருந்தது. ஆய்வாளர் தொடக்கூடாது என்பது விதி, அதனால் அவருடைய பதிவைச் சேர்க்க முடியவில்லை. மூன்று வருடத்தில் நான் பார்த்ததிலேயே நல்ல பதிவு அதுதான்.

ரிப்பேர் எதற்கு என்றால், ஹெட்செட்டைத் தலையில் பிடித்து வைக்கும் பட்டையின் பக்கவாட்டுக் கை முறிந்துவிட்டது. தடித்த பின்னல், கொண்டை, தேங்காய் எண்ணெய் எதையும் நினைத்துச் செய்த பட்டை இல்லை அது. திரும்பி வந்தபோது மென்பொருளும் புதிதாகி, தரை எங்கே என்பதையே மறந்திருந்தது. படத்தில் ஒரு பலகை, காலடியில் ஒரு பலகை, நடுவில் நாலு விரல் இடைவெளி. மென்பொருள் தானாக மாறிவிடாமல் இருக்க, பதிவுகள் எடுத்து முடிகிறவரை வைஃபையை அணைத்து வையுங்கள்.

ஆக, தங்கச்சி, வாங்காதே. நீ அளக்கப்போவது எழுத்தின் நிறத்தைச் சொல்ல எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்பதை, அதற்கு ஒரு திரையும் கீபோர்டும் போதும். எங்களுடையதை இரவலும் கேட்காதே. அக்டோபர் வரை புக் ஆகிவிட்டது, அதோடு அந்த டேப்பை நான் ஒட்டினால்தான் சரியாக ஒட்டும்.