மங்கா பிளஸ், ஷோனென் ஜம்ப் செயலிகள்: ரேங்க் போடும் முன் ஒரு விமர்சனம்

ராமேஸ்வரமோ கீழக்கரையோ தொண்டியோ, எந்த ஊராக இருந்தாலும் முப்பது, நாற்பது பாகம் ஓடுகிற ஒரு மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) கடையில் நின்று புரட்டிப் பார்த்து வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. பார்சலில் வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் செல்போனில் படிக்க வேண்டும். செல்போனில் நேர்வழியில் படிக்க முக்கியமாக இரண்டு செயலிகள் இருக்கின்றன. ஒன்று, ஜப்பானின் ஷூயெய்ஷா பதிப்பகமே நடத்தும் மங்கா பிளஸ். இன்னொன்று, அமெரிக்காவின் விஸ் மீடியா நடத்தும் ஷோனென் ஜம்ப். வாராவாரம் புது அத்தியாயம் பார்க்க மங்கா பிளஸ் போதும், காசே வேண்டாம். முடிந்துபோன தொடரை முதலிலிருந்து கடைசிவரை படிக்க ஷோனென் ஜம்ப்தான் லாபம். ஆனால் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘எக்காலத்துக்குமான ஷோனென் டாப் டென்’ (ஷோனென் என்றால் பதின்வயதுப் பையன்களுக்கான மங்கா) போடுகிறவர், பாதி விடைத்தாளைத் திருத்திவிட்டு ரேங்க் அறிவிக்கிற வாத்தியார் மாதிரி.

மங்கா பிளஸ் 2019 ஜனவரியில் வந்தது. ஷூயெய்ஷாவின் வாராந்திர ஷோனென் ஜம்ப் என்ற அச்சு இதழின் புது அத்தியாயங்கள் ஜப்பானில் திங்கள் பிறக்கும் அதே நிமிடம் இதில் ஏறும். நமக்கு அது ஞாயிறு இரவு 8.30 மணி. இதழுக்கு விடுமுறை வாரம் உண்டு. ஓவியர் தனியாக ஓய்வு எடுப்பதும் உண்டு. அடுத்த அத்தியாயம் எப்போது என்று தொடரின் பக்கத்திலேயே தேதி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் காத்திருங்கள்.

இலவசத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இணையதளத்தில் முதல் மூன்று அத்தியாயமும் கடைசி மூன்றும்தான் திறக்கும். செயலியில், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆங்கிலத் தொடர்கள் பலவற்றில் நடுவில் உள்ளவற்றையும் ஒருமுறை இலவசமாகப் படிக்கலாம். ஒரே ஒருமுறைதான். ‘அந்தச் சண்டையில் அவன் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று யாராவது வாதிட்டால் திரும்பப் போய்ப் பக்கத்தைக் காட்ட முடியாது, மாதக் கட்டணம் கேட்கும். 2023-ல் வந்த கட்டணத் திட்டத்தில் இரண்டு படி: கீழ்ப்படியில் ஓடும் தொடர்கள் மட்டும், மேல்படியில் முடிந்தவையும் சேரும். முடிந்துபோன நருட்டோவைப் படிக்க நினைத்துக் கீழ்ப்படிக்குக் காசு கட்டி ஏமாறாதீர்கள்.

ஷோனென் ஜம்ப் செயலியின் கணக்கு எளிது. மாதச் சந்தா ஒன்று, ஒரு நாளைக்கு 100 அத்தியாயம் வரை. சில நாடுகளுக்கு மட்டும் திறந்திருக்கும் சேவை இது, அதில் இந்தியாவும் உண்டு. அமெரிக்காவில் 1.99 டாலரில் தொடங்கி 2.99 ஆனது, இங்கே பிளே ஸ்டோர் காட்டும் ரூபாய் விலையைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கட்டிய கையோடு ரத்து செய்து வைத்தாலும் அந்த மாதம் முடியும்வரை படிக்கலாம். ஒரே ஒரு தொடருக்காகச் சேர்கிறவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும்.

100 என்ற வரம்பு யாருக்கும் இடிக்காது. நருட்டோ மொத்தம் 700 அத்தியாயம், பிளீச் 686. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. நாளுக்கு 23 அத்தியாயம் வைத்தால் அதற்குள் இரண்டும் முடியும், இரண்டு மாதச் சந்தாவே செலவு. நருட்டோ என்றாலே ‘ஃபில்லர்’ (கதையோடு ஒட்டாத இட்டுநிரப்பல்) என்று முகம் சுளிப்பவர்கள் அனிமேயை, அதாவது அதன் டிவி கார்ட்டூன் தொடரை, பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். மங்காவில் அந்த இழுவை கிடையாது. அனிமே பார்த்து மங்காவுக்கு மதிப்பெண் போடுவது இந்தச் சண்டைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம்.

சிக்னல் பற்றிக் கொஞ்சம். ஷோனென் ஜம்ப்பில் அத்தியாயங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் படிக்கலாம். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறுகிறவர்களுக்கு இந்த ஒன்றே சந்தாவை நியாயப்படுத்தும். மங்கா பிளஸை இணைப்பு இருக்கும் இடத்தில் படிப்பதற்கான செயலியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். டேட்டா மிச்சம் பிடிக்கப் படத்தரத்தைக் குறைத்தால் வேறொரு தொல்லை வரும்: மங்காவில் சாம்பல் நிறம் என்பது பொடிப் புள்ளிகளால் ஆனது, தரம் குறைந்தால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலை அலையாகக் கோடு காட்டும். வானம், நிழல், தலைமுடி எல்லாம் அழுக்குப் பிடித்த மாதிரி தெரியும். ஓவியத்துக்கு மதிப்பெண் போடுகிறவர் தரத்தை உச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடட்டும். இரண்டு பக்கம் விரியும் படம் வந்தால் போனைப் படுக்கவாட்டில் திருப்புங்கள். மேலிருந்து கீழாக உருட்டிப் படித்தால் அந்த விரிவு இரண்டு துண்டாகிவிடும். ஆங்கில எழுத்து இடமிருந்து வலமாக இருந்தாலும் கட்டங்களைத் தொடர்வது வலமிருந்து இடமாக என்பதை முதல் ஐம்பது பக்கத்தில் கண் பழகிக்கொள்ளும்.

இனி வகைப் பிரச்சினை. இந்தச் செயலிகள் உதவுவதைவிடக் குழப்புவது இங்கேதான். ‘டெத் நோட் எல்லாம் ஷோனென் கணக்கில வராது மாப்ள, அது பெரியவங்க கதை’ என்பது அடிக்கடி கேட்கிற வாதம். ஷோனென், சீனென் (வளர்ந்த ஆண்களுக்கானது) இரண்டும் கதையின் கனத்தைப் பார்த்து ஒட்டிய சீட்டுகள் இல்லை. எந்த வயது வாசகருக்கான இதழில் தொடர் வந்தது என்பதுதான் அளவுகோல். டெத் நோட் 2003 முதல் 2006 வரை வாராந்திர ஷோனென் ஜம்ப்பில் வந்தது, ஆகவே ஷோனென். மனிதர்களை ராட்சதர்கள் தின்கிற அட்டாக் ஆன் டைட்டன் 2009 முதல் 2021 வரை பெஸ்ஸாட்சு ஷோனென் மேகஸினில் வந்தது, அதுவும் ஷோனென். பள்ளிக்கூடக் காதல் நகைச்சுவையான காகுயா-சாமா பெரும்பகுதி வாராந்திர யங் ஜம்ப்பில் ஓடியது, ஆகவே அது சீனென். கேட்டால் நம்ப மாட்டார்கள், இதழின் பெயரைக் காட்டுங்கள்.

நடுவில் இடம் மாறியவைதான் உண்மையிலேயே சிக்கல். வின்லாண்ட் சாகா 2005-ல் வாராந்திர ஷோனென் மேகஸினில் தொடங்கி அதே ஆண்டுக் கடைசியில் ஆஃப்டர்நூன் என்ற சீனென் மாத இதழுக்குப் போனது. ஜோஜோ 1987-லிருந்து ஷோனென் ஜம்ப்பில் ஓடி, ஏழாம் பாகமான ஸ்டீல் பால் ரன் நடுவில் 2005-ல் அல்ட்ரா ஜம்ப் என்ற சீனென் இதழுக்கு மாறியது. ஆகவே ‘ஜோஜோ ஷோனெனா?’ என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை, எந்தப் பாகம் என்று கேட்க வேண்டும். ஒன் பன்ச் மேன் இன்னும் ருசியான வழக்கு. இணையத்தில் அது தோனாரி நோ யங் ஜம்ப் என்ற, சீனென் இதழின் தளத்தில் வருகிறது. ஜப்பானில் புத்தகமாகும்போது ஜம்ப் காமிக்ஸ் வரிசையில் வருகிறது. ஆங்கிலப் புத்தகத்திலும் ஷோனென் ஜம்ப் முத்திரைதான். இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருப்பதால் இதைப் பட்டியலில் தனி வரியில் வைப்பதே மரியாதை.

மங்கா பிளஸ் இதை எல்லாம் பிரித்துக் காட்டாது. வாராந்திர ஜம்ப், இணையத்தில் மட்டும் வரும் ஜம்ப் பிளஸ், மாத இதழ்கள், யங் ஜம்ப் எல்லாம் ஒரே அலமாரியில் கிடக்கும். ஸ்பை ஃபேமிலியும் டண்டடானும் ஜம்ப் பிளஸில் பிறந்தவை. ஓஷி நோ கோ யங் ஜம்ப்பில் வந்த சீனென். செயலியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரே பட்டியலில் போட்டால் அடிபட வேண்டியதுதான்.

செயலிக்குள் இருக்கும் ரேங்கிங் பக்கத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கும் இது பொருந்தும். அது இப்போது உலகம் முழுக்க அதிகம் திறக்கப்படுவதைக் காட்டுகிறது. பெரிய சண்டை நடக்கும் வாரம் ஒரு தொடர் ஏறும், ஓய்வு வாரத்தில் இறங்கும், முடிந்த தொடருக்கு அங்கே வேலையே இல்லை. ஜப்பான் இதழின் பொருளடக்க வரிசையும் அப்படித்தான். இதழோடு வரும் அட்டையில் வாசகர் தனக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்புகிறார். அந்த முடிவு வரிசையில் எதிரொலிக்கிறது என்பது ரசிகர்களின் நெடுநாள் கணக்கு. ஆனால் புதுத் தொடருக்கும் வண்ணப் பக்கம் கிடைத்த தொடருக்கும் வரிசையில் தனிச் சலுகை உண்டு, அட்டைகள் எண்ணி முடியவும் வாரங்கள் ஆகும். ஒரு வார வரிசையை வைத்து ‘இது ஊத்திக்கிச்சு’ என்று சொல்வது வெட்டிப் பேச்சு.

விற்பனை எண்ணையும் கவனமாகப் பிடிக்க வேண்டும். ஒன் பீஸ் 2022-ல் 50 கோடிப் பிரதியைத் தொட்டது, அப்போது 103 பாகம். பாகத்துக்குச் சுமார் 48 லட்சம். டீமன் ஸ்லேயர் 2021-ல் 23 பாகத்தில் 15 கோடியைத் தொட்டது, பாகத்துக்கு 65 லட்சம். மொத்தத்தில் முன்னவர், சராசரியில் பின்னவர். எதை ஒத்துக்கொள்கிறோம் என்று பேசிவிட்டுச் சண்டையைத் தொடங்கினால் பாதி நேரம் மிச்சம்.

இரண்டு செயலிகளுக்கும் பொதுவான பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இரண்டும் ஷூயெய்ஷா சரக்கு. அட்டாக் ஆன் டைட்டனும் புளூ லாக்கும் கோடான்ஷா என்ற வேறு பதிப்பகத்துடையவை. டிடெக்டிவ் கோனனும் ஃப்ரீரனும் ஷோகாகுகானின் வாராந்திர ஷோனென் சண்டேயில் வருபவை. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் ஸ்கொயர் எனிக்ஸின் மாதாந்திர ஷோனென் கங்கனில் 2001 முதல் 2010 வரை வந்தது. 27 பாகம், ஒரு பக்கம்கூட வீணில்லை. முடித்த விதத்துக்கு மதிப்பெண் தருவதென்றால் எந்தப் பட்டியலிலும் முதல் மூன்றில் இருக்க வேண்டிய தொடர் இது, செயலியை மட்டும் பார்ப்பவர்களின் பட்டியலில் இருப்பதே இல்லை. ஷூயெய்ஷாவுக்குள்ளேயே ஸ்லாம் டங்க் (1990–1996, 31 பாகம்) நெடுங்காலம் அச்சில் மட்டுமே கிடைத்தது. கடைசி ஆட்டத்தின் இறுதி நொடிகளில் பேச்சே இல்லை. பந்து, கை, வலை, முகம் என்று பக்கத்துக்குப் பக்கம் போகும். தாளைத் திருப்பும் அந்த அரை நொடியை நம்பி வரையப்பட்ட பக்கங்கள் அவை, புத்தகத்தில் படித்தால்தான் வேலை செய்யும்.

அதனால் கொஞ்சம் அச்சும் வாங்கத்தான் வேண்டும். விஸ்ஸின் மூன்று பாகம் சேர்ந்த கட்டு மலிவு: நருட்டோவின் 72 பாகம் 24 புத்தகத்தில் அடங்கும், ஃபுல்மெட்டல் ஒன்பதில். ஆனால் தடிமன் அதிகம், நடு மடிப்பு இரட்டைப் பக்கப் படத்தை விழுங்கும், பலமாக விரித்தால் பசை விட்டுப்போகும். ஓவியத்துக்காக வாங்கும் தொடரைத் தனிப் பாகமாக வாங்குங்கள், கதைக்காக வாங்குவதைக் கட்டாக வாங்குங்கள்.

தாள் சாதாரண மரக்கூழ்த் தாள், எங்கே வைத்தாலும் பழுக்கும். நம் கரையில் சீக்கிரம் பழுக்கும். உப்புப் படிந்த இடம் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வாடைக்காற்று மாதங்களில் ஓரங்கள் நெளிந்து பழுப்புப் புள்ளி விழும். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் அலமாரி வேண்டாம், சுவரிலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளி இருக்கட்டும். இருபது புத்தகம் கொள்ளும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியும் 50 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டும் போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள், வறுத்துத் திரும்பப் போடலாம். பெட்டியை மழை நாளில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்து அடைக்கிறோம். வெயில் ஏறிய பகலில் அடையுங்கள். ஆனால் புத்தகத்தை வெயிலில் காயப்போடக் கூடாது, ஒரே வாரத்தில் முதுகு வெளுக்கும். அந்துருண்டை ராமபாணப் பூச்சிக்கு ஆகும், ஈரத்துக்கு ஆகாது.

விலை சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவாக இருந்தால் திருட்டு அச்சாக இருக்கலாம். பார்சலைப் பிரித்ததும் கறுப்பு அழுத்தமாக இருக்கும் ஒரு பக்கத்தைப் பாருங்கள். சாம்பல்பட்ட கறுப்பு, அலையடிக்கும் புள்ளிகள், ஓரத்தில் வெட்டுப்பட்ட வசன பலூன், பின்பக்கம் தெரியும் தாள் – இதில் இரண்டு இருந்தாலே திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்முன் எல்லாப் பாகத்தையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள், கட்டின் மேல் இருக்கும் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வைக்காதீர்கள்.