ஒட்சிசன் சென்சர் வயர்: இரண்டு ஒட்டு, மூன்று மாரி

2022 கார்த்திகை மழைக்குள் எங்கள் ஆல்ட்டோவின் எஞ்சின் லைட் எரியத் தொடங்கியது. கொக்குவிலிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு நாளாந்தம் போய்வரும் கார். மேலே உப்புக் காற்று, கீழே வெள்ளம். கைபேசியோடு இணைக்கும் புளூடூத் ஸ்கானர் பி0135 என்று காட்டியது: முன் ஒட்சிசன் சென்சரை (புகையிலுள்ள ஒட்சிசனை அளப்பது) சூடாக்கும் ஹீற்றரின் சுற்றில் கோளாறு. கராஜில் எட்டிப் பார்த்தவுடனேயே, "அண்ணை, சென்சர் போயிட்டுது, மாத்துவம்" என்றார்கள். புதியதற்கு நாற்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். பிறகு வருகிறேன் என்று காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோளாறு சுற்றில் என்றால் வயரும் அதற்குள் அடக்கம்தானே. பிளக்கைக் கழற்றி, சென்சர் பக்கம் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு வயர்களையும் மல்ரிமீற்றரால் அளந்தேன். ஆறு ஓம் சொச்சம். ஹீற்றர் உயிரோடுதான் இருக்கிறது. (ஒரே நிறச் சோடிதான் ஹீற்றர். பொஷ் சென்சர் என்றால் வெள்ளை, டென்சோ என்றால் கறுப்பு.) சாவியைப் போட்டு கார் பக்கப் பிளக்கைப் பார்த்தால் அங்கேயும் 12 வோல்ட். இரண்டும் சரி, பிறகென்ன கோளாறு? அரை நாள் மண்டையைக் குழப்பியது இதுதான்.

மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமேயில்லை. செம்பில் ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். 21 வாட் இண்டிகேற்றர் பல்ப் ஒன்றைக் கொழுவிப் பார்த்தேன். அது இழுப்பது கிட்டத்தட்ட ஹீற்றர் இழுக்கிற அளவுதான். பல்ப் மின்மினி மாதிரி மினுங்கியது. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் தடிப்பு. முன்பு யாரோ முறுக்கி ரேப் சுற்றிய ஒட்டு. சூட்டில் ரேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. உள்ளே செம்பு களிம்பேறிப் பச்சையாக உதிர்ந்தது.

அழுகிய துண்டை வெட்டிவிட்டு ஈயம் பற்றவைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. லைட் அணைந்தது. ஏழு மாதம் கழித்து அதே பி0135. ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிட்டிருந்தது. எஞ்சின் அதிர்வில், விறைப்பு முடியும் இடத்திலேயே முறிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். சென்சர் பக்க வயரில் ஈயம் வைக்கவே கூடாதாம். பல சென்சர்கள் புகையோடு ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயரின் உறைக்கும் இழைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியால்தான் எடுக்கின்றன. ஈயம் அதை அடைத்துவிடும். என் முறிவு கார் பக்கத்தில் இருந்தது அதிர்ஷ்டம்.

இரண்டாம் முறை கிறிம்ப் ஒட்டு, அதாவது குழலுக்குள் வயரை விட்டு நசுக்கி இணைப்பது. உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், வயரின் தடிப்புக்கேற்ற செப்புக் குழல், பல்லுள்ள கிறிம்ப் குறடு. சாதாரணக் குறட்டால் நசுக்கினால் ஒரு இழுவையில் கழன்று வந்துவிடும். நானே இழுத்துப் பார்த்தேன். ஹீட் ஷ்ரிங்கை முதலில் வயரில் கோர்க்க மறந்து, கிறிம்ப் பண்ணிய பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும் சொல்லத்தான் வேண்டும். வெட்டி மறுபடி தொடங்கினேன். இரண்டு வயரின் ஒட்டுகளும் ஒரே இடத்தில் வராமல் ஓர் அங்குலம் விலக்கி வைத்தேன். கொஞ்சம் தளர்வு விட்டு, சைலன்சர் குழாயில் முட்டாதபடி கண்ணாடி நார் உறை போட்டுக் கட்டினேன்.

அது 2023 ஆனியில். அதற்குப் பிறகு மூன்று மாரி போய்விட்டது, அந்தப் பி0135 திரும்ப வரவில்லை. பெற்றோல் லீற்றருக்கு 14 கிலோமீற்றரிலிருந்து 16க்கு வந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பிளக்குக்குள் கிறீஸ் பூசினால் உப்பு ஏறாது என்று பக்கத்து வீட்டு அண்ணை இப்போதும் சொல்கிறார். நான் பூசவில்லை. காற்று எடுக்கும் வழியில் கிறீஸும் சிலிக்கன் ஸ்பிரேயும் சென்சருக்குக் கூடாது. ஆனால் பிளக்கின் றப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டது என்பது உண்மைதான். தனி வளையம் எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய வயரிங் ஒன்றிலிருந்து முழுப் பிளக்கையும் வாலோடு வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாரிக்கு முன் இன்னும் நாலு கிறிம்ப்.