இன்ஃப்ராரெட் யோகா ஸ்டூடியோவில் சேரப் போகிறீர்களா? ஒரு நிமிடம் கூரையைப் பாருங்கள்

இன்ஃப்ராரெட் யோகா என்றால், கூரையில் மாட்டிய ஹீட்டரின் வெப்பக் கதிரில் சூடாக்கிய அறையில் ஆசனம் போடுவது. அதற்கு ஒரு வருட மெம்பர்ஷிப்புக்கு மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏழாவது வாரமே தலைசுற்றி யோகா மேட் மீதே உட்கார்ந்தவன் நான். பணம் இன்னும் கைக்கு வரவில்லை. என் அவசரபுத்தியும் இதில் பாதிக் காரணம், மறைக்கவில்லை.

ட்ரையல் கிளாஸுக்குக் காலை 11 மணிக்கு வரச் சொன்னார்கள். மொத்தம் ஆறே பேர். குளிருக்குப் போர்வை போர்த்தியதுபோல இதமான கதகதப்பு, விறைத்துக்கிடந்த முதுகு கொஞ்சம் இளகியது. 'ஃபார் இன்ஃப்ராரெட் சார், காத்தைச் சூடாக்காது, நேரா உடம்பைத்தான் சூடாக்கும்' என்றார் வரவேற்பில் இருந்தவர். சூடாக்கும் விதம் பற்றி அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். 'இன்னைக்கே சேர்ந்தா மட்டும்தான் இந்த ஆஃபர்' என்று அடுத்த மூச்சில் சொன்னபோதாவது நான் விழித்திருக்க வேண்டும். வியர்வை காய்வதற்குள் கார்டைத் தேய்த்துவிட்டேன்.

நான் போகக்கூடிய நேரம் மாலை 7 மணி. அந்த நேரத்தில் அதே அறையில் 24 மேட். பக்கத்தில் இருப்பவர் கையை விரித்தால் என் முகத்தில் இடிக்கும். கீழே கார்ப்பெட்; ஈரத்துணியை இரண்டு நாள் மூட்டைகட்டி வைத்துப் பிரித்தால் வருமே, அந்த வாடை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது, ஓடவில்லை. ஓடினால் சூடு போய்விடுமாம்.

கூரையை நான் முதன்முதலில் பார்த்தது மூன்றாவது வகுப்பில், சவாசனத்தில் மல்லாந்து கிடந்தபோது. மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் தெரிகிறதே என்று திறந்தால், தலைக்கு நேர் மேலே நீளக் குழாய் ஹீட்டர் ஒன்று செக்கச்செவேலென்று எரிகிறது. அறை முழுவதற்கும் அப்படி நான்கு.

வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அதன் கதிர்வீச்சின் உச்சம் அவ்வளவு குறைந்த அலைநீளத்தில் விழும். ஃபார் இன்ஃப்ராரெட் என்பது அலைநீளம் 3 மைக்ரோமீட்டருக்கு மேல் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்). சுமார் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும் தட்டையான ஹீட்டர் பேனலின் உச்சம் 8 மைக்ரோமீட்டரை ஒட்டி வரும்; அது கண்ணுக்குத் தெரியாது, பேனல் வெறும் பலகை மாதிரி இருக்கும். சிவந்து எரிகிற குழாயோ அதைவிடப் பல மடங்கு சூடு, உச்சம் 3 மைக்ரோமீட்டருக்குக் கீழே போய்விடும். அதனாலேயே அது கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் விற்றது ஒன்று, மாட்டியிருந்தது வேறொன்று. பேனல்களைக் கூரை முழுக்கப் பரப்பியிருந்தால் சூடும் பரவலாக இறங்கும். இங்கே குழாய்க்கு அடியில் படுத்தவருக்கு நெற்றி தீயும், மூலையில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

'சார், 33 டிகிரிதான் இருக்கு, பாருங்க' என்று கதவோரத்தில் மாட்டிய தெர்மாமீட்டரைக் காட்டினார்கள். மறுநாள் வீட்டிலிருந்து சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துப்போய் என் மேட்டின் ஓரம் வைத்தேன். பத்தே நிமிடத்தில் 42. இரண்டும் பொய் இல்லை. நிழலில் அளந்த சூட்டுக்கும் வெயிலில் நிற்பவர் தோலில் படும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. கதிர் உடம்பைத் தாக்குகிறது, சுவரில் இருப்பது காற்றை அளக்கிறது.

கதவுப் பக்கம் ஓர் எடைமெஷினும் உண்டு. வகுப்புக்கு முன்னும் பின்னும் ஏறச் சொல்வார்கள். 'சூப்பர் சார், 900 கிராம் போச்சு!' என்று கைகொடுப்பார்கள். போனது தண்ணீர். வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டில் குடித்தால் திரும்பி வந்துவிடும். முதல் வாரம் இதை நம்பி நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது வாரம், மண்டியிட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்திலிருந்து எழும்போது கண் இருட்டியது. குமட்டல். கதவைத் திறக்கச் சொன்னேன். 'பயப்படாதீங்க சார், டாக்ஸின் வெளிய போகுது, பழகிடும்' என்று பயிற்றுநர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆசனத்துக்குப் போனார். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வியர்வை இருப்பது உடம்பைக் குளிர்விக்க. அதுவும் ஆவியானால்தான் குளிர்விக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழுந்தால் பயன் இல்லை. 24 பேர் மூச்சுவிடும் மூடிய அறையில் அது சொட்டத்தான் செய்யும். பழகிடும் என்பதும் பொருந்தாது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் போதும், நான் போய்க்கொண்டிருந்தது ஏழாவது வாரம்.

நான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் வகை. நடந்ததைக் கேட்டதும் டாக்டர் முதலில் என்னைத்தான் திட்டினார். இருதய நோய், கர்ப்பம், இந்த மாதிரி மாத்திரை என்றால் முதலில் டாக்டரைக் கேட்காமல் இப்படிப்பட்ட அறைக்குள் போகக்கூடாது. அந்தச் சூட்டில் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. சேரும்போது நான் நிரப்பிய படிவத்தில் உடல்நலம் பற்றி ஒரு கேள்வி இல்லை. எனக்கு என்ன ஆனாலும் அவர்கள் பொறுப்பில்லை என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம்!

பணம் திரும்பக் கேட்ட கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு 'ரீஃபண்ட் பாலிசி இல்லை, மெம்பர்ஷிப்பை மூணு மாசம் ஃப்ரீஸ் பண்ணி நிறுத்திவைக்கலாம்' என்றார்கள். ஃப்ரீஸ் முடிந்தால் தானாக அடுத்த வருடத்துக்கும் புதுப்பித்துப் பணம் எடுக்கும் என்பது ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. பேங்கில் சொல்லி ஆட்டோ டெபிட்டை நானே நிறுத்தினேன். இதுவரை அனுப்பிய மெயில் எட்டு, வந்த பதில் ஒன்று.

அதற்குப் பிறகு இரண்டு ஸ்டூடியோ பார்த்தேன். ஒன்றில், மாலை வகுப்பு நடக்கும்போது பத்து நிமிடம் உள்ளே நின்று பார்க்கலாமா என்று கேட்டதற்கே முகம் மாறியது, திரும்பி வந்துவிட்டேன். இன்னொன்றில் விட்டார்கள். கூரை நெடுக வெள்ளைப் பேனல், ரப்பர் தரை, ஃபேன் ஓடுகிறது. நடுவில் ஒரு அம்மா எழுந்து வெளியே போனார், யாரும் தடுக்கவில்லை. பணப் பேச்சை எடுக்கும் முன்பே அங்கிருந்த பயிற்றுநர் 'என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கேட்டார். சொன்னேன். 'அப்ப இது உங்களுக்கு வேண்டாம், சூடு போடாத வகுப்பு காலையில இருக்கு' என்றார்.

அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டுகிறேன், மாதக் கணக்குக்குக்கூட இன்னும் மாறவில்லை.