டீஆக்ஸிட் டி5: சாரல் அடிக்கும் ஊரில் ஒரு காண்டாக்ட் கிளீனர்

செங்கோட்டை, புளியரை, அதைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை என்று கணவாயை ஒட்டிய ஊர்களில் பழைய ஒலிக்கருவி வைத்திருப்பவர்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. ஆனியிலும் ஆடியிலும் சாரல். அது ஓய்ந்து வீடு உலர்வதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்களும் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர்களும் மலையின் இரு பக்கத்திலும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. "செட்டு போயிட்டு" என்று அவற்றை மூலையில் ஒதுக்கிவைப்பதற்குப் பல நேரங்களில் ஐசியோ டிரான்சிஸ்டரோ காரணமல்ல. சுவிட்சுகளிலும் சாக்கெட்டுகளிலும் படிந்த களிம்புதான் காரணம். அந்தக் களிம்பை நீக்குவதற்கென்றே விற்கப்படும் டீஆக்ஸிட் டி5 ஸ்பிரேயைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இதைத் தயாரிப்பது கெய்க் லேபரட்டரீஸ் என்ற அமெரிக்க நிறுவனம். டி5 என்ற பெயரில் உள்ள 5, கரைசலில் வேலை செய்யும் மருந்து 5 சதவீதம்தான் என்பதைக் குறிக்கிறது. மீதியெல்லாம் அதைச் சுமந்து செல்லும் நாப்தா கரைப்பானும், டப்பாவிலிருந்து தள்ளும் வாயுவும்தான். கரைப்பான் அழுக்கைக் கழுவிவிட்டு ஆவியாகிறது. மருந்து உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகத் தங்கி, காற்றும் ஈரமும் மறுபடி படிவதைத் தாமதப்படுத்துகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மலிவானது, எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும்; ஆனால் உலோகத்தோடு வேதியியல் முறையில் ஒட்டிக்கொண்ட களிம்பை அது கரைப்பதில்லை, பின்னால் எந்தக் காப்பையும் விட்டுச் செல்வதுமில்லை. நம் ஊர்ச் சாரலில் இந்த வேறுபாடு ஒரே பருவத்தில் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த ஸ்பிரே தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம், ரேடியோவா கேசட்டா ரெக்கார்டா என்று தேர்ந்தெடுக்கும் ஆம்ப்ளிபயரின் இன்புட் செலக்டர் சுவிட்ச். பழைய ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் இந்தச் சுவிட்சின் தகடுகளுக்கு வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். காற்றில் உள்ள மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மங்களே அதைக் கறுக்கச் செய்யப் போதும், ஈரம் அதை இன்னும் விரைவுபடுத்தும். வீட்டு மின்விளக்குச் சுவிட்சில் 230 வோல்ட் பாய்வதால் இத்தகைய மெல்லிய படலம் அங்கே ஒரு தடையே அல்ல. ரெக்கார்டு பிளேயரின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னலோ சில மில்லிவோல்ட்தான். படலத்தை உடைத்துக்கொண்டு போகும் வலு அதற்கு இல்லை. ஒரு பக்கச் சத்தம் மங்குவதும், குமிழை லேசாக அசைத்தால் திரும்பி வருவதும் இதனால்தான்.

மூடியைக் கழற்றி, சுவிட்சின் பக்கவாட்டில் தெரியும் இடைவெளியில் டப்பாவோடு வரும் சிவப்புக் குழாயை நுழைத்து, மிகக் குறைந்த அளவில் ஒரு முறை அடித்துவிட்டு, குமிழை எல்லா நிலைகளுக்கும் மாற்றி மாற்றி இருபது முப்பது தடவை திருப்ப வேண்டும். கீழே வைத்த துணியில் முதலில் சாம்பல் நிறமாகவும் பிறகு மை போலக் கறுப்பாகவும் திரவம் சொட்டும். சொட்டுவது தெளிந்ததும் நிறுத்திவிடலாம். தகட்டின் ஓரங்களில் கறுப்பு அப்படியேதான் இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்றோடொன்று உரசும் வரி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டால் போதும். என் ஆம்ப்ளிபயரில் இப்படிச் செய்தபின் இடது பக்கச் சத்தம் அடுத்த சாரல் முடியும்வரை ஒருமுறைகூட மங்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் டூ-இன்-ஒன்னில் ரெக்கார்டு-பிளே சுவிட்சும் ஹெட்போன் சாக்கெட்டும் இதே முறையில் உயிர்பெற்றன. பல செட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னல் அந்தச் சாக்கெட்டுக்குள் உள்ள தகட்டைத் தொட்டுத்தான் போகிறது என்பதால், அங்கே களிம்பு பிடித்தால் ஸ்பீக்கர் செத்ததுபோல் ஆகிவிடும்.

வால்யூம் கண்ட்ரோலின் கரகரப்புக்கு இதை வாங்க நினைப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். டி வரிசை உலோகத் தொடர்புகளுக்கானது. வால்யூம் கண்ட்ரோலுக்குள் இருக்கும் கார்பன் தடத்துக்கும் மின்கடத்தும் பிளாஸ்டிக் தடத்துக்கும் எஃப் வரிசை என்று நிறுவனமே பிரித்து விற்கிறது. டி5-ஐத் தாராளமாக அடித்தால் தண்டில் உள்ள கிரீஸும் கழுவப்பட்டு, குமிழ் பிடிமானமில்லாமல் தளதளவென்று சுற்றத் தொடங்கும். மேலும், எல்லாக் கரகரப்பும் அழுக்கல்ல. ஒலிச் சிக்னலை மட்டும் விட்டு நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து கண்ட்ரோலுக்குள் நேர்மின்னோட்டம் வந்தாலும் திருப்பும்போது அதே ஓசைதான் கேட்கும். அதற்குக் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டுமே தவிர, எந்த ஸ்பிரேயும் உதவாது.

ஆம்ப்ளிபயரை ஸ்பீக்கரோடு தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ஸ்பீக்கர் ரிலேயிலும் இதே எச்சரிக்கை தேவை. சத்தம் குறைவாக இருக்கும்போது ஒரு பக்கம் கேட்காமல், வால்யூமை ஏற்றியதும் சட்டென்று வந்தால் பெரும்பாலும் ரிலேதான் குற்றவாளி. அதன் மேலுறை கழலக்கூடியதாக இருந்தால், டி5-இல் நனைத்த ஒரு வெள்ளைத்தாள் துண்டைத் தொடுமுனைகளுக்கு நடுவே வைத்து, மென்மையாக அழுத்தி இழுக்கலாம். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது முலாமையே தேய்த்துவிடும், பிறகு களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். முனைகள் தீப்பொறியால் குழிந்திருந்தால் புது ரிலே போடுவதே சரி, அதன் விலை இந்த டப்பாவின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இறக்குமதிச் சரக்கு என்பதால் உள்ளூரில் கிடைக்கும் கிளீனர்களைவிட விலை பல மடங்கு அதிகம். நாப்தா எளிதில் தீப்பற்றும். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, சன்னலைத் திறந்துவைத்து அடித்து, நன்றாக உலர்ந்தபின்தான் செட்டைப் போட வேண்டும். ரப்பர் பெல்ட்டிலும் கேசட் டெக்கில் நாடாவை நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. பேட்டரி கசிந்த பெட்டிக்கு இது ஏற்றதல்ல. ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை கொண்டது, அதை முதலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து நீக்கிவிட வேண்டும்.

கடைகளில் "எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்று எடுத்துக் கொடுக்கும் சாதாரண டபிள்யூடி-40 இதற்கு மாற்று ஆகாது. அது 1953-இல் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. அது விட்டுச் செல்லும் எண்ணெய் கண்ட்ரோலுக்குள் தூசியைப் பிடித்துவைக்கும். அதே நிறுவனம் காண்டாக்ட் கிளீனர் என்று தனியாக விற்பது வேறு சரக்கு: விரைவில் உலரும், படலம் விடாது. வறண்ட ஊர்களில் அதுவே போதும் என்பது என் கருத்து.

வீட்டில் ஒரே ஒரு ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவர்களுக்கு முழு ஸ்பிரே டப்பா அதிகம். இதே டீஆக்ஸிட் 100 சதவீதக் கரைசலாகச் சிறு குப்பியில் வருகிறது. ஒலி வயர்களைச் செருகும் ஆர்சிஏ சாக்கெட், ஸ்பீக்கர் வயர் மாட்டும் டெர்மினல் போன்ற கைக்கு எட்டும் இடங்களில் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி தடவி, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் போதும். சுவிட்சுக்கு உள்ளே போக வேண்டிய வேலை வரும்போது மட்டும் டி5-ஐ வாங்கிக்கொள்ளலாம்.