ரேடியேட்டர் கார்டு இலவசம் என்றார்கள்: பழைய 650 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய கவாசாகி நிஞ்ஜா 650 பைக் ஒன்றை வாங்கி ஏமாந்துவிட்டேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு வாரம் என் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை.

மாடலின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2017-இல் புது ட்ரெல்லிஸ் சேஸிஸோடு (குழாய்களைக் கோத்துப் பற்றவைத்த சட்டகம்) வந்த தலைமுறை அது. 649 சிசி, இரட்டை சிலிண்டர், 68 பிஎஸ், எடை 190 கிலோவை ஒட்டி. கீழ் ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை இருக்கும். முதுகை வளைத்துப் படுத்து ஓட்ட வேண்டியதில்லை. வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் மலைப்பாதை ஏறலாம். இதற்காகத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஏற்ற வண்டி என்றால் எல்லாவற்றுக்கும் பயன்பட்டிருக்கும் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

விற்றது பழைய பைக் வாங்கி விற்கும் ஒரு கடை. "ஒரே ஓனர் சார், ஆபீஸுக்கு மட்டும்தான் ஓட்டினார், ஒரு தடவைகூட விழாத வண்டி" என்றார்கள். மீட்டரில் 11,000 கிலோமீட்டர். நான் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் சூடாக இருந்தது. கேட்டேன். "நீங்க வர்றீங்கன்னு பெட்ரோல் போட எடுத்துட்டுப் போனோம் சார்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அங்கேயே திரும்பி வந்திருக்க வேண்டும். இரவெல்லாம் நின்று ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் பேட்டரியின் தெம்பு, டைமிங் செயின் சத்தம், சைலன்சரில் முதலில் வரும் புகை எல்லாம் தெரியும். சூடான இன்ஜின் இத்தனையையும் மறைத்துவிடும்.

பேரம் முடியும் நேரத்தில், புத்தம் புது ரேடியேட்டர் கார்டு (இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டும் தடுப்பு) மாட்டியிருப்பதைக் காட்டி, "இது நம்ம கடை அன்பளிப்பு சார்" என்றார்கள். எனக்குச் சந்தோஷம். நீட்டிய ரசீதில் கையெழுத்துப் போட்டேன். 'வண்டியைப் பார்த்து, ஓட்டி, முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் ஒரு வரி இருந்தது. விழாத வண்டி என்று வாயால் சொன்னது எங்கேயும் இல்லை.

இரண்டாவது வாரமே ஏதோ சரியில்லை என்று பட்டது. 80-லிருந்து வேகம் குறையும்போது ஹேண்டில் லேசாக ஆடியது. வலது வளைவில் வண்டி தானாகச் சாயும், இடது வளைவில் தள்ளிச் சாய்க்க வேண்டும். நேர் சாலையில் போகும்போதுகூட ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியே இருந்தது. கடைக்குப் போன் செய்தால், "டயர்ல காத்து பாருங்க, கோன்செட் டைட் பண்ணுங்க" என்றார்கள். கோன்செட் என்பது ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங். இரண்டையும் செய்தேன். ஆட்டம் நிற்கவில்லை.

கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். அவர் முதலில் கழற்றியது அந்த இலவச கார்டைத்தான். உள்ளே ரேடியேட்டரின் நடுவில், ஒரு டயர் அகலத்துக்கு மெல்லிய தகடுகள் நசுங்கிக் கிடந்தன. முன்சக்கரம் எதிலோ மோதிப் பின்னால் வந்து அதில் இடித்திருக்கிறது. அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினார். ஹேண்டில் அதற்கு மேல் திரும்பாமல் தடுக்க சேஸிஸில் ஒரு முட்டு இருக்கும். ஒரு பக்க முட்டு அமுங்கி, அதை அரத்தால் ராவி, பெயின்ட் பூசியிருந்தார்கள். வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கைக் கழற்றியதும் மிச்சமும் வெளியே வந்தது. ஹேண்டில் கழுத்தை ஒட்டிய வெல்டிங்கில் மயிரிழை போலப் பெயின்ட் வெடிப்பு. அதன் மேல் வேறு பளபளப்பில் டச்சப். முன் ஃபேரிங்கைத் தாங்கும் பிராக்கெட் மட்டும் புதுசு, சுற்றியுள்ள போல்ட்டெல்லாம் துரு.

பிரேக் டிஸ்க்கைக் காட்டினார். எவ்வளவு தேயலாம் என்பது அந்தத் தட்டிலேயே பொறித்திருக்கும். அளந்து பார்த்தால் அந்த அளவை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. 11,000 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வந்த வண்டியில் டிஸ்க் இப்படித் தேய வாய்ப்பே இல்லை. பிறகு கீழே குனிந்து ஆயில் வடிக்கும் போல்ட்டில் டார்ச் அடித்தார். போல்ட் தலையில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. ரேஸ் ட்ராக்கில் ஓடும்போது போல்ட் கழன்று ஆயில் கொட்டிவிடக் கூடாது என்று கம்பி கோத்துக் கட்டுவதற்காகப் போடும் துளை அது. ரோட்டில் மட்டும் ஓடிய வண்டிக்கு அது தேவையே இல்லை.

இந்த வண்டியைக் கொண்டுபோய் யார் ட்ராக்கில் ஓட்டுவார்கள் என்றுதான் நானும் கேட்டேன். ஆனால் பந்தயத்துக்கே போகும் ரகம்தான் இது. 2012-இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டிடி பைக் பந்தயத்தில் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கான வகுப்பை ரயன் ஃபர்க்குவர் என்ற வீரர் ஜெயித்தது கவாசாகி ஈஆர்-6-இல். என் வண்டியின் முந்தைய தலைமுறை அது. ட்ராக்கில் ஓட்டுவதைத் தவறு என்று சொல்லவே மாட்டேன். மறைத்து விற்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சேஸிஸையே மாற்ற வேண்டும், அதுவரை ஓட்டாதே என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். படங்களோடு கடைக்குப் போனேன். ரசீதில் இருந்த அந்த ஒரு வரியைக் காட்டினார்கள். அதன் பிறகு என் போனை எடுப்பதே இல்லை.

நீங்கள் பார்க்கப் போனால், கிளம்புவதற்கு முன்பே "இன்ஜினைத் தொடாமல் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் கவரில் கை வைத்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 1416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்த டயர். அது வண்டியின் வயதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கார்டு, ஸ்டிக்கர், கவர் என்று எது புதுசாக இருந்தாலும் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியைப் பார்க்காதீர்கள், நான் அதைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். 'விபத்தில் சிக்காத வண்டி' என்று ரசீதில் எழுதிக் கேளுங்கள். எழுதத் தயங்கினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

போன வாரம் அதே கடை இன்னொரு 650-க்கு விளம்பரம் போட்டிருக்கிறது. "ஒரே ஓனர், விழாத வண்டி." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் ரேடியேட்டர் கார்டு புதுசு.